புகார் கடிதத்தில் ‘கால் ஃபார்’, ‘பிரஸ் ஃபார்’, ‘புஷ் ஃபார்’: எதைப் போடுவது?

செந்தூல் ஃப்ளாட்வாசி:
எங்கள் புளோக்கில் இருக்கும் இரண்டு லிஃப்டில் ஒன்று ஜனவரியிலிருந்து ஓடவில்லை. மேனேஜ்மெண்ட் கமிட்டிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறேன். விடாமல் கேட்டு வருகிறோம் என்பது தெரிய வேண்டும், சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். எழுதிய வரி: ‘வீ ஆர் டிமாண்டிங் ஃபார் ரிப்பேர்ஸ் சின்ஸ் ஃபைவ் மந்த்ஸ்.’ மகள் ‘புஷ் ஃபார்’ போடச் சொல்கிறாள். எது சரி?

பட்டர்வொர்த் டியூஷன் டீச்சர்:
ஐயா, அந்த வரியில் மூன்று இடம் இடிக்கிறது. ‘டிமாண்ட்’ வினையாக வரும்போது ‘ஃபார்’ ஒட்டாது. ‘வீ டிமாண்ட் எ ரிப்ளை’ அவ்வளவுதான். பெயர்ச்சொல்லானால் ‘அவர் டிமாண்ட் ஃபார் எ ரிப்ளை’. இரண்டாவது, ‘சின்ஸ்’ தொடங்கிய நாளுக்கு, ‘ஃபார்’ கால அளவுக்கு. அதாவது ‘சின்ஸ் ஜனவரி’ அல்லது ‘ஃபார் ஃபைவ் மந்த்ஸ்’.

மூன்றாவதுதான் முக்கியம். விடாமல் கேட்கிறோம் என்ற பொருளை வினைச்சொல்லில் தேடாதீர்கள், காலத்தில் வையுங்கள். ‘ஆர் டிமாண்டிங்’ இன்றைக்குக் கேட்பதைத்தான் சொல்லும். ‘ஹேவ் பீன்’ போட்டு ‘இங்’ சேர்த்தால் அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை என்று வரும். ‘வீ ஹேவ் பீன் ஆஸ்கிங் ஃபார் ரிப்பேர்ஸ் சின்ஸ் ஜனவரி’ என்று எழுதினால் சொல் மென்மை, அழுத்தம் குறையாது.

வினை தொனியைத்தான் முடிவு செய்கிறது. ‘பிரஸ் ஃபார்’ என்றால் வலியுறுத்திக் கேட்பது, அலுவல் கடிதத்துக்குப் பொருந்தும், உங்களுக்கு என் தேர்வு அதுவே. ‘புஷ் ஃபார்’ தப்பில்லை, செய்தித்தாளில் நிறைய வரும், கடிதத்தில் கொஞ்சம் பேச்சு வாடை. ‘கால் ஃபார்’ பொதுவில் அறிக்கை விடுவது, ஒரே தடவை சொன்னாலும் போதும். ‘கேம்பெய்ன் ஃபார்’ பலர் கூடித் திட்டமிட்டு நடத்துவது. பிரிட்டனில் சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் வயது வந்த ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை கேட்டு 1839, 1842, 1848 என மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு மனு கொண்டுபோனார்களே, அதற்கு இந்தச் சொல் கச்சிதம். ‘கிளாமர் ஃபார்’ (கவர்ச்சியைச் சொல்லும் ‘கிளாமர்’ இல்லை, இது வேறு சொல்) என்றால் கூச்சல் போடுவது. உங்களைப் பற்றி நீங்களே அப்படி எழுதக் கூடாது. ‘ஹார்ப் ஆன்’ அதைவிட மோசம், சலிப்பூட்டும்படி அதையே பேசுவது என்று பொருள்.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. ‘கால் ஃபார்’ பின்னால் வருவது கேட்கும் பொருள். ஆளிடம் கேட்டால் ‘கால் ஆன்’: ‘வீ கால் ஆன் த கமிட்டி டு ரிப்பேர் த லிஃப்ட்.’ ‘பிரஸ்’ஸுக்கு ஆள் நேரடியாக வரலாம்: ‘வீ ஹேவ் பீன் பிரஸிங் த கமிட்டி டு ஆக்ட்.’ நடுவில் ‘டு’ சேர்த்து ‘பிரஸ் டு த கமிட்டி’ என்று எழுதுவது நம்மவர்களிடம் அதிகம், அது பிழை.

இன்னொரு பொறி: ‘கால் எ மீட்டிங்’ என்றால் கூட்டத்தைக் கூட்டுவது, ‘கால் ஃபார் எ மீட்டிங்’ என்றால் கூட்டம் நடத்தச் சொல்லிக் கோருவது. மாற்றி எழுதினால் கூட்டத்தை நீங்களே கூட்டியதாகப் படிப்பார்கள்.

செந்தூல் ஃப்ளாட்வாசி:
நன்றி டீச்சர், நன்றி ஐயா. கடைசி வரியில் ‘வீ ஆஸ்க் தட் த கமிட்டி ரிப்பேர்ஸ்’ என்று எஸ் போடலாமா?

பட்டர்வொர்த் டியூஷன் டீச்சர்:
போட வேண்டாம். ‘ஆஸ்க் தட்’, ‘டிமாண்ட் தட்’, ‘இன்சிஸ்ட் தட்’ என்று கோரிக்கையாக வந்தால் பின்னால் வரும் வினை மூல வடிவிலேயே நிற்கும்: ‘த கமிட்டி ரிப்பேர்’, செயப்பாட்டுவினையில் ‘த லிஃப்ட் பி ரிப்பேர்ட்’. ‘ஷுட் பி ரிப்பேர்ட்’ என்றாலும் சரிதான். கெடு தேதி இல்லாத கடிதத்தைக் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள், அதனால் இப்படி எழுதுங்கள்: ‘வீ ஹேவ் பீன் பிரஸிங் ஃபார் ரிப்பேர்ஸ் சின்ஸ் ஜனவரி. வீ நௌ ஆஸ்க் தட் த லிஃப்ட் பி ரிப்பேர்ட் பை 30 ஜூன்.’