மூன்றாவது பிராண்டன்பர்க்: நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

நான் ஆரம்பிக்கிறேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் மூன்றாவது பிராண்டன்பர்க் கான்செர்டோவை, அதாவது ஜி மேஜரில் அமைந்த இந்த வாத்திய இசையை, ஹெட்போனிலேயே கேட்டுப் பழகியவன். ஜெர்மனியின் லைப்சிக்கில் ஒரு தேவாலயக் கச்சேரியில்தான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். மூன்று வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா மூன்று, இன்னும் பெரிய செல்லோ மூன்று, கூட அடிக்குரலுக்கு ஒரு டபுள் பாஸ், பியானோ மாதிரிக் கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்ட். அவ்வளவுதான் கூட்டமே. வயலின், வயோலாக்காரர்கள் நின்றபடியே வாசித்தார்கள்.

எடுப்பில் மூன்று வயலினும் ஒரே குரல்; வயோலாவும் செல்லோவும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு அணியும் மூன்றாகப் பிரிகிறது. அந்தச் சின்ன மூன்று சுர வெட்டு வயலினில் கிளம்பி, வயோலாவுக்குப் போய், செல்லோவில் இறங்கும். பந்தியில் சாம்பார் வாளி கைமாறுகிற வேகம்! ரெக்கார்டிங்கில் எல்லாம் ஒரே ஓட்டமாகத்தான் கேட்டிருந்தது. நேரில் எந்த வில் எழும்புகிறதோ அங்கே கண் ஓடுகிறது, காது பின்னாலேயே போகிறது.

அப்புறம் அந்த நடுப்பகுதி. பாஹ் எழுதி வைத்தது 'அடாஜியோ' (மெதுவாக) என்று ஒரே ஒரு பார், அதாவது ஒரு தாளக்கட்டு; அதில் இரண்டே கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்து. மீதி வாசிப்பவர்கள் பாடு. சிலர் அந்த இரண்டை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் பாஹின் வேறொரு மெதுவான பகுதியைக் கொண்டுவந்து நுழைப்பார்கள். எனக்கு அது ஒட்டுவதே இல்லை. அன்று முதல் வயலின்காரர் மனோதர்மமாகக் கொஞ்சம் வாசித்து, அந்தக் கார்டில் வந்து நின்றார். அளவாக இருந்தது.

1721இல் ஜெர்மனியின் கோத்தன் அரசவையில் இருந்தபோது பிராண்டன்பர்க் பிரபு கிறிஸ்டியான் லுட்விக்குக்கு பாஹ் அனுப்பிய ஆறு கான்செர்டோக்களில் இது ஒன்று. 1729இல் இதன் முதல் பகுதிக்கே ஹார்ன், ஓபோ என்ற ஊதுவாத்தியங்களைச் சேர்த்து, தேவாலயத்தில் பாடும் இசையான கான்டாட்டாக்களில் 174ஆம் எண்ணின் முகப்பில் வைத்தார். அதையும் கேட்டுப் பாருங்கள், தடபுடலாக இருக்கும். ஆனால் என் ஓட்டு பழையதற்கே.

மறுமொழி:

வயோலா வாசிப்பவள் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன், அண்ணா. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் எங்களுக்குப் பெரும்பாலும் நடுவில் இட்டு நிரப்புகிற வேலைதான். இதில் மூன்று பேருக்கும் தனித்தனி வரி. கடைசியில் வரும் வேகமான அலெக்ரோ பகுதியில் செல்லோ மூன்றும் ஒரே வரியில் சேர்ந்துகொள்ளும். எங்களுக்கு அங்கேயும் மூன்று. 12/8 தாளம், மூச்சுவிட இடமிருக்காது, ஆனாலும் வாசிக்கிறபோது சிரிப்பு வந்துவிடும். வயலின்காரர்கள் ரொம்ப அலட்டினால் ஆறாவது கான்செர்டோவைப் போட்டுக் காட்டுங்கள். அதில் வயலினே கிடையாது.