டெட் ஸ்டோரேஜ்: செத்த நீரா, எட்டாத நீரா?

குழுமத்தார்க்கு வணக்கம்.

குடியாத்தத்துப் பிள்ளைகளுக்காக மோர்தானா அணை பற்றி ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். கௌண்டன்யா ஆறு, உயரம் 11.5 மீட்டர், கொள்ளளவு 261 மில்லியன் கன அடி என்று தடையில்லாமல் எழுதிவந்தவன் 'டெட் ஸ்டோரேஜ்' வந்ததும், அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

சேலத்து அண்ணன் போன மடலில் 'மாண்ட கொள்ளளவு' என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே செத்தது எதுவுமில்லை. அணையில் எல்லாவற்றுக்கும் தாழ்ந்த மதகின் வாசலுக்குக் கீழே நிற்கிற தண்ணீர் அது. மதகை முழுசாகத் திறந்தாலும் தானாக வெளியே வராது, அவ்வளவுதான். கோடையில் மீன் பிழைத்துக் கிடப்பதே அந்தத் தண்ணீரில். மீன் பிடிக்கிறவரிடம் போய் 'மாண்ட நீர்' என்று சொல்லிப் பாருங்கள்.

'வண்டலிடம்' என்ற யோசனையும் வந்தது. வண்டல் சேர இடம் விட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள், சரி. ஆனால் வண்டலுக்கு அந்தக் கணக்கு தெரியாதே! ஆறு வந்து நுழையும் தலைமாட்டிலேயே கனமான மணல் படிந்துவிடும். மெல்லிய சேறுதான் அணைக்கரை வரை வரும். பாசன நீர் நிற்க வேண்டிய இடத்தையும் மணல் பிடித்துக்கொள்ளும்போது, அடியில் உள்ளதற்கு மட்டும் அந்தப் பெயர் பொருந்தாது.

'அடித்தேக்கம்' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இருபது அடி அடித்தேக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு தடுக்கியது. அதோடு அடிக்கணக்கே ஒரு மயக்கம். பழைய வடாற்காட்டுக்காரர்கள் இன்னும் 'நம்ம டேம்' என்கிற சாத்தனூருக்கு 119 அடி, மேட்டூருக்கு 120 அடி. ஓர் அடிதான் வித்தியாசம். தண்ணீரோ சாத்தனூரில் 7.3 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), மேட்டூரில் 93.47. ஒரே அணைக்குள்ளும் அப்படித்தான்: மேட்டூரில் 60 அடி என்றால் பாதி அணை இல்லை, ஏறக்குறைய 25 டிஎம்சி, கால் பங்கைச் சற்றுத் தாண்டும். பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரிகிறது. ஆகவே அடியில் உள்ள அடிகள் பார்க்க ஆழமாக இருக்கும், நீர் கொஞ்சம்தான்.

என் யோசனை: 'மதகடி நீர்'.

*

தம்பி, ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மதகடி என்றால் எங்கள் பக்கம் மதகை ஒட்டிய இடம். 'மதகடிக் கழனி' என்போம். முதல் தண்ணீர் பாய்கிற நல்ல நிலம். நீ சொல்வது பாயவே பாயாத தண்ணீர். நேர் எதிராகிவிடும். கிணற்றில் கயிறு எட்டாத தண்ணீர் என்று சொல்வதில்லையா? 'எட்டாநீர்' என்று வை. மதகுக்கு எட்டும் நீர் பாயுநீர், எட்டாதது எட்டாநீர்.

*

ஐயா, மோட்டார் வைத்தால் எட்டுமே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். மதகுக்குத்தான் எட்டாது, மோட்டாருக்கு இல்லை என்று அடைப்புக்குறியில் போட்டுவிடுகிறேன். 'மதகடி'யைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். துண்டறிக்கையில் 'எட்டாநீர்' ஏறிவிட்டது. அச்சகத்துத் தம்பி அதை 'எட்டாம் நீர்' என்று அடித்துவைத்து, மற்ற ஏழும் எங்கே சார் என்று கேட்கிறான்.