பட்டாம்பூச்சியின் ‘பிராண்ட்’: மணத்திட்டு என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம். சில ஆண் பட்டாம்பூச்சிகளின் இறகிலுள்ள ‘பிராண்ட்’ (brand) என்ற திட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் மடற்குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்த மடலும்.

ஞாயிறு காலை பெங்களூரு தொரேசானிபாளையா காட்டில், சருகு நிறத்திலேயே ஒரு புதர்ப்பழுப்பன் (bushbrown) பட்டாம்பூச்சி சருகின் மேல் உட்கார்ந்திருந்தது. நான் குனிந்ததும் எழும்பி, நாலடி தள்ளிப் போய் மறுபடி உட்கார்ந்தது. பின்னிறகின் அடிப்புறத்தில், கீழேயுள்ள நான்கு கண்புள்ளிகளின் வெள்ளை மையங்களும் ஒரே கோட்டில் நின்றன. ஆகவே புதர்ப்பழுப்பன்களில் காமன் புஷ்பிரவுன் என்ற இனம் இல்லை. அதில் அந்த வரிசை கோணலாக இருக்கும். அப்புறம் டார்க்-பிராண்ட் புஷ்பிரவுனா, லாங்-பிராண்ட் புஷ்பிரவுனா என்று குறிப்பெழுதப் போனபோதுதான் ‘பிராண்ட்’டுக்குத் தமிழ்ச்சொல் இல்லாமல் பேனா நின்றுவிட்டது.

போன மடலில் ஐயா ‘சூட்டுக்குறி’ என்றார், மாட்டுக்குச் சூடு போடுவதை நினைத்து. பார்வைக்குப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூடு என்பது வெளியிலிருந்து ஒருவர் போடுவது. இதுவோ ஆண் பூச்சிக்கு இறகோடு உருவாகிற செதில் கூட்டம். பெண்ணை ஈர்க்கும் வாசனை அங்கிருந்துதான் கிளம்புகிறது. அக்கா சொன்ன ‘முத்திரை’யிலும் அந்த வேலை தெரியவில்லை.

வெந்தய வரியன் (Plain Tiger) பட்டாம்பூச்சியைப் பாருங்கள். ஆணின் பின்னிறகில் பெண்ணுக்கு இல்லாத கரும்புள்ளி ஒன்று கூடுதலாக இருக்கும்; அதுவும் வாசனைக்கான இடம்தான். வாடிய கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளில் ஆண்கள் மொய்ப்பது, இந்த வாசனைக்கு வேண்டிய சரக்கை உறிஞ்சத்தான். இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கிற மணத்தை விட்டுவிட்டு, வெறும் தழும்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதனால் என் பரிந்துரை: தனிச் செதிலுக்கு மணச்செதில், அவை கூடிய இடத்துக்கு மணத்திட்டு, அதனோடு வரும் மயிர்க்கற்றைக்கு மணக்குஞ்சம். மணம் என்றால் திருமணமும் ஆகுமே என்று தம்பி கேட்டிருந்தார். ஆகட்டுமே, இணை சேரத்தானே இந்த வாசனை! இரண்டு பொருளும் பொருந்துகிற சொல் நமக்குக் கையிலேயே இருக்கிறது.

பூச்சியின் பெயரில் மட்டும் ‘மணம்’ சேர்த்தால் நீண்டுவிடும். அங்கே கருந்திட்டுப் புதர்ப்பழுப்பன், நெடுந்திட்டுப் புதர்ப்பழுப்பன் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

சரி, நான் பார்த்தது எது? முன்னிறகின் அடிப்புறத்திலுள்ள மணத்திட்டை, இறகு மூடியிருக்கும்போது பின்னிறகு மறைத்துவிடும். அது கடைசிவரை முன்னிறகை மேலே தூக்கவே இல்லை. பெண்ணாக இருந்தால் திட்டே இருக்காது. குறிப்பேட்டில் இப்போதைக்கு ‘புதர்ப்பழுப்பன், திட்டு பார்க்கவில்லை’ என்றே எழுதி வைத்திருக்கிறேன்.