அரும்பு, மொட்டு, மலர்: பிள்ளையைப் பார்க்கிறோமா, திரையையா?

கரும்பலகை:
தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தர எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தபோது வரவேற்ற ஆசிரியர் நான். கொரோனாவில் பள்ளியே பார்க்காத பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகளாக அவரவர் நிலையில் உட்கார வைத்து நடத்துவது நியாயம்தான். என் சண்டை வளரறி மதிப்பீட்டை, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளை எவ்வளவு கற்றது என்று பார்ப்பதை, செயலியில் ஏற்றுவதோடு. ஒவ்வொரு பிள்ளையாக செல்போன் முன்னால் நிறுத்தி பதிலைத் தட்டுகிறேன். சிக்னல் வேறு போய்ப் போய் வரும். மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

மொட்டு_அம்மா:
சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் என் பையன் வாயே திறக்க மாட்டான். முதல் வகுப்பு முழுக்க "நல்ல பையன், தொந்தரவே இல்லை" என்றுதான் டீச்சர் சொன்னார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் அவனுக்கு 'கொ', 'கோ' எல்லாம் தகராறு என்று தெரிந்தது. எதுவும் கட்டாயம் இல்லையென்றால் யார் அவனைக் கூப்பிட்டிருப்பார்கள்?

கரும்பலகை:
தனியாகக் கேட்டதுதாங்க கண்டுபிடித்தது, செயலி இல்லை. 32இல் 17 போக 25 என்று ஒரு பிள்ளை போட்டாள். எப்படிம்மா என்றேன். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, மூணுல ஒண்ணு போனா ரெண்டு." எந்த எண் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறாள். கடன் வாங்குவது பிடிபடவில்லை. செயலிக்கு இது வெறும் தவறு; குருட்டாம்போக்கில் 25ஐத் தொட்ட பக்கத்துப் பையனும் அதே தவறு. இருவருக்கும் நாளை நான் நடத்த வேண்டியது ஒன்றா?

இன்னொன்று: படத்துக்குக் கீழே 'பட்டம்' என்று எழுதியிருக்கும். பிள்ளை "காத்தாடி" என்பான். அவன் படத்தைப் படிக்கிறான், எழுத்தை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இது காதில் விழும்.

வளமையம்:
ஆசிரியர் பயிற்றுநராகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். முன்பு செயல்வழிக் கற்றல் காலத்தில், பிள்ளைகள் அவரவர் வேகத்தில் படிப்படியாகச் செய்து கற்க ஏணிப் படம், பாட அட்டை எல்லாம் இருந்தது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று குறிக்க அட்டவணையும் இருந்தது. அதிகாரிகள் பார்வைக்கு வருகிறார்கள் என்றால் முந்தின நாள் மாலை உட்கார்ந்து டிக் அடித்த வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களைப் போல 25க்குப் பின்னால் போகிறவர் எத்தனை பேர் சார்? எல்லாரையும் உங்களை வைத்து எடைபோட முடியாது.

கரும்பலகை:
அன்று அட்டவணையில் பொய் டிக் போட்டவர் இன்று செயலியில் பொய்யாகத் தட்ட மாட்டாரா? நான் கேட்பது, ஒரு குறிப்பேடு. நாளுக்கு நாலைந்து பிள்ளைகள், பார்த்ததை இரண்டு வரி.

மொட்டு_அம்மா:
அந்த நாலைந்து பேரில் என் பையன் என்றைக்கு வருவான்? முன்வரிசையே திரும்பத் திரும்ப வராதா?

கரும்பலகை:
வருகைப் பதிவேட்டு வரிசையில் போனால் யாரும் விடுபட மாட்டார்கள்.

வளமையம்:
அஞ்சு வகுப்புக்கு ரெண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அந்த இரண்டு வரியை எப்போது எழுதுவது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கரும்பலகை:
செயலிக்குப் போகிற நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதில் எழுதுகிறேன்.