பிபி–பிஎஸ் கலவையில் சிலிக்கா: யாருக்கு நின்றது, யாருக்குக் கலைந்தது?

கஞ்சிக்கோடு_ஸ்க்ரூ:
ஒரே கலவை, சேர்த்த வரிசை மட்டும் வேறு; ஒரு லாட் நின்றது, இன்னொன்று கலைந்தது. ஏன் என்பது இன்னும் மண்டையைக் குடைகிறது. பிபி (பாலிப்ரொப்பிலீன்), பிஎஸ் (பாலிஸ்டைரீன்) கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. நீர் ஒட்டாத ஃப்யூம்டு சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்கா தூள்) மொத்தத்தில் 3 சதவீதம். 200 டிகிரி, ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் (உருக்கிக் கலந்து இழையாகப் பிதுக்கும் இயந்திரம்). மூன்றையும் ஒன்றாக ஹாப்பரில் கொட்டியது ஒரு லாட். 940 கிராம் பிஎஸ்ஸில் 60 கிராம் சிலிக்காவை ஏற்றி, அந்த மாஸ்டர்பேட்ச் (முன்கூட்டியே கலந்த செறிவான கலவை) ஒரு கிலோவோடு ஒரு கிலோ பிபி சேர்த்தது இன்னொன்று. வெளிவரும் இழையில் (ஸ்ட்ராண்டில்) இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 200 டிகிரி பிரஸ்ஸில் அரை மணி நேரம் வைத்து, டொலுவீனில் ஒரு நாள் ஊறப்போட்டதும் குட்டு உடைந்தது. பிஎஸ் கரைந்துபோன முதல் லாட்டில் துளைகள் கைலென்ஸிலேயே தெரிகின்றன. மாஸ்டர்பேட்ச் துண்டு வெள்ளை வெளேரென்று மூலை மழுங்காமல் நிற்கிறது. இடுக்கியால் அழுத்தினால் டொலுவீன் கசிகிறது!

வாளையார்_டை:
வரிசைதான் காரணம் அண்ணே. அந்த சிலிக்காவுக்கு பிபி பக்கம்தான் சாய்வு. பிஎஸ்ஸில் அடைத்துவைத்தால் பிபிக்கு ஓடப் பார்க்கும், வழியில் இடைமுகத்தில், அதாவது இரண்டும் தொடும் எல்லையில், மாட்டிக்கொள்ளும். 10 நானோமீட்டர் ஆரம், 5 மில்லிநியூட்டன்/மீட்டர் இடைமுக இழுவிசை, துகளை எல்லை தொடும் கோணம் (தொடுகோணம்) 90 டிகிரி என்று வைத்தால், துகளை அங்கிருந்து பிடுங்க வெப்ப அசைவின் ஆற்றலைப் போல 200 மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். கோணம் சாயச் சாய இந்தப் பிடி வேகமாகத் தளரும். அதனால் பிபி சேர்த்தபின் அளவுக்கு மீறிக் கலக்கினால் துகள் பிபிக்குள்ளேயே போய்விடும்.

எட்டிமடை:
மாஸ்டர்பேட்ச் லாட்டில் துளை சிறிதாக இருப்பதை வைத்து ‘இடைமுகத்தில் உட்கார்ந்தது’ என்று எழுதாதீர்கள் தம்பி. சிலிக்கா ஒரு பக்கத்தைக் கெட்டியாக்கினாலே துளிகள் ஒன்றோடொன்று சேர்வது மெதுவாகும். மெல்லிய சீவல் எடுத்து டிஇஎம்-மில் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) பார்த்தபின் பேசுவோம். உருவம் நிலைத்தால் பிபியும் பிஎஸ்ஸும் ஒட்டிக்கொண்டது என்றும் அர்த்தமில்லை. அடி தாங்கும் வலு (இம்பாக்ட்) வேண்டுமென்றால் எஸ்இபிஎஸ் (இரண்டையும் ஒட்டவைக்கும் ரப்பர் போன்ற பாலிமர்) மாதிரி ஒன்று தனியாகச் சேர்க்கணும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் நைலான்-6 கலவை ஓட்டுகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீச ஆரம்பித்தால் திறந்த மூட்டையை நம்பாதீர்கள். வாக்குவம் ஓவனில் 80 டிகிரி, ராத்திரி முழுக்க. ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே வந்தபின்தான் ஹாப்பர். ஈரம் இருந்தால் ஸ்ட்ராண்டில் குமிழி வரும், அது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது, மூலக்கூறு சங்கிலி அறுந்து உருகிய நைலான் நீர்த்துப்போவது. பாகுநிலை விகிதம் மாறினால் இரு பக்கமும் தொடராக இருந்த அமைப்பு துளியும் அதைச் சூழ்ந்த மேட்ரிக்ஸுமாகிவிடும், பழி சிலிக்கா மேல் விழும். அங்கே கரைக்க டொலுவீன் உதவாது, ஃபார்மிக் அமிலம் வேண்டும். கையுறை, புகைப்போக்கி இல்லாமல் தொடாதீர்கள்.

கஞ்சிக்கோடு_ஸ்க்ரூ:
சார், மாஸ்டர்பேட்ச் லாட்டின் சீவலை டிஇஎம்-முக்கு அனுப்புகிறேன். பிபி சேர்த்து 2, 5, 10 நிமிடத்தில் எடுத்தவை மூன்றும்.