புதுப்பிப்பு: 2011 போர்ட் ஒயினைத் திறந்துவிட்டேன்

போர்ச்சுகலில் டோரோ பள்ளத்தாக்கின் சிறு திராட்சைத் தோட்டம் ஒன்றின் 2011 விண்டேஜ் போர்ட் (ஒரே ஆண்டு அறுவடையில் செய்து, திராட்சைச் சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்) மூன்று பாட்டில் இருக்கிறது, இப்போதே திறக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒன்றை நேற்றுத் திறந்தேன்.

வடிகட்டாமல் அடைக்கும் ஒயின், அடியில் வண்டல் கட்டும். அது இறங்கட்டும் என்று இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தேன். தக்கை பாதியில் உடைந்தது. மெல்லிய துணியில் மெதுவாக வடித்தேன். கழுத்தருகே கறுப்புச் சேறு தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

முதல் மிடறு நாவல்பழம் போல நாக்கைப் பிடித்தது. நான்கு மணி நேரம் கழித்துத்தான் அத்திப்பழ வாசனை எழுந்தது, அப்புறம் கறுப்புச் சாக்லேட். அருமை!

1986 வரை இத்தகைய தோட்டங்கள் நேரடியாக ஏற்றுமதி செய்ய முடியாது, எல்லாம் பெரிய போர்ட் வணிகர்களின் கிடங்குகள் இருக்கும் விலா நோவா டி கையா நகர் வழியாகத்தான். அதனால் இந்த ருசி எனக்குப் பெரிது.

காத்திருக்கச் சொன்னவர்கள் சொன்னது சரி. மீதி இரண்டும் 2031 வரை படுக்கையில்.