ஓடும் பாய்மரப் படகில் டீ கொடுப்பது எப்படி?

நண்பர்களே, ஒரு உதவி. அடுத்த மாதம் அப்பாவை இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையில் பாய்மரப் படகில் அழைத்துப் போகிறேன். அவருக்குக் கை நடுக்கம் உண்டு, டீ இல்லாமலும் முடியாது. அங்கே நீரோட்டம் காற்றுக்கு எதிராகத் திரும்பினால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பி படகைக் குலுக்கி எடுத்துவிடும்.

அடுப்பு பிரச்சினையில்லை. படகு சாய்ந்தாலும் அடுப்பு ஊசலாடி நேராக நிற்கும், கெட்டிலைப் பிடிக்கக் கம்பியும் இருக்கிறது. ஊற்றும்போதுதான் பயம். கப்பைக் கையில் பிடிக்காமல் சிங்க்குக்குள் வைத்து, பாதிதான் ஊற்றுவோம். கொதிநீர் சிந்தினாலும் சுடாமல் இருக்க, ஊற்றுபவர் தண்ணீர் புகாத பேன்ட் போட்டிருப்பார். சரி, அப்புறம் அதைக் கீழ் அறையிலிருந்து ஏணிப்படி வழியாக மேல்தளத்தில் இருக்கும் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டுமே! மூடி போட்ட குவளை போதுமா, கரையிலேயே பிளாஸ்கில் நிரப்பிவிடுவதா? வயதானவர்களோடு போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.